ஜன்னல் வழியே போட்ட பை

என் பையைத் திறந்து பார்ப்பவர்கள் என்னைப் பொறுப்பான பெண் என்றுதான் நினைப்பார்கள். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், மடக்குக் குடை, பவர் பேங்க், அதற்கு ஒரு ஒயர், சிக்கெடுக்கவே முடியாத இயர்போன், ஆபீஸ் அடையாள அட்டை, பர்ஸ், சீப்பு. கீரனூரிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணின் பையிலும் இவ்வளவும் இருக்கும். இதற்கெல்லாம் அடியில், மடித்த துப்பட்டாவுக்குக் கீழே, பூப்போட்ட ஜிப் பை ஒன்று இருக்கும். பவுடரும் பொட்டும் வைக்கிற பை என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம். அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகவே அம்மா புதுக்கோட்டையில் நாலு கடை ஏறி இறங்கிப் பூப்போட்டதாகப் பார்த்து வாங்கினாள். அதற்குள் இன்சுலின் பேனா, அதற்கான ஊசிகள், விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷின், மருந்து சூடாகாமல் இருக்க ஒரு ஐஸ் ஜெல், சின்ன டப்பாவில் குளுக்கோஸ், நாலு மிட்டாய்.

எனக்கு இருபது வயதில் சர்க்கரை நோய் வந்தது. மாத்திரைக்கு அடங்குகிற வகை இல்லை, ஆயுசுக்கும் ஊசி போட வேண்டிய வகை. டாக்டர் அறையை விட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே அம்மா என் காதோரம் சொல்லிவிட்டாள்.

"இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாத. ஊசி போடுற புள்ளைன்னு தெரிஞ்சா ஒருத்தனும் நம்ம வாசப்படி மிதிக்கமாட்டான்."

மூணு பேர் என்றால் அம்மா, அப்பா, நான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னபடியே நாலு வருடம் இருந்தேன். அம்மாவுக்குப் பயந்து மட்டும் இல்லை. விஷயம் தெரிந்தவுடன் ஒவ்வொருவரும் தலையைச் சாய்த்து "ஐயோ, இந்த வயசுலயா" என்பார்களே, அந்தச் சாய்ந்த தலைகளை என்னால் தாங்க முடியாது. ஒருமுறை ஆபீஸில் கையெழுத்துப் போட அவசரமாகப் பேனா தேடிய ஒருவர், கேட்காமலே என் பைக்குள் கையை விட்டார். நான் போட்ட சத்தத்தில் மானேஜர் அறையிலிருந்து எழுந்து வந்தார். அன்றிலிருந்து எனக்கு அங்கே சிடுமூஞ்சி என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு வசதியாகவே இருந்தது.

எங்கள் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார இடம் கிடைத்தவர் மடியில், நிற்பவர்களின் பைகள் வந்து ஏறும். யாரும் அனுமதி கேட்பதில்லை. பையை நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். யார் பையில் லேப்டாப், யார் பையில் சாம்பார் ஒழுகும் டப்பா என்று கனத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன். என் பை அடுத்தவர் மடிக்குப் போகும்போது மட்டும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நார்த்தாமலையில் ஏறும் ஒரு அக்கா, திருச்சியில் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர், இரண்டு வருடமாகப் பழக்கம், பெயர் மட்டும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் ஒருநாள் என் பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒம் பை மட்டும் எப்பவும் ஜில்லுன்னு கெடக்கே, ஐஸா விக்கிற?" என்று கேட்டுவிட்டார். தண்ணீர் பாட்டில் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அதனால் எனக்கு எப்படியாவது சீட் வேண்டும். பையைக் காப்பாற்ற மட்டும் இல்லை, சாப்பிடவும்தான். காலை ஊசி போட்டால் கால் மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் இருபது நிமிடத்தில் வயிற்றுக்குள் ஏதாவது போக வேண்டும். போகாவிட்டால் போட்ட மருந்து ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையும் துடைத்தெடுத்துவிடும். பஸ்ஸில் வைத்து ஊசி போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாமே என்று கேட்பீர்கள். அதற்கு இன்னும் முன்னால் எழுந்திருக்க வேண்டும். நான் எழுந்திருப்பதில்லை, அவ்வளவுதான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி, பத்து நிமிட நடை, பஸ் ஸ்டாண்டு, சீட், நாலு இட்லி. ஏழே முக்காலுக்கு அம்மா போன் செய்வாள். "சாப்ட்டியா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பேன். வைத்துவிடுவாள். எவ்வளவு பாசமான அம்மா என்று ஜவுளிக்கடை அக்கா சொல்லியிருக்கிறார்.

சீட் பிடிக்க எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்வேன். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே எதையாவது உள்ளே போட்டுவிட்டால் அந்த இடம் நமக்கு. புத்தியுள்ளவர்கள் கைக்குட்டையையோ துண்டையோ போடுவார்கள்.

அன்று முகூர்த்த நாள். காலையில் மெஷின் எண்பத்தெட்டு காட்டியது. ஊசி போடுகிறவளுக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் உடனே சாப்பிடப் போகிறோமே என்று வழக்கமான அளவு ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்போது மணி ஏழு பத்து. போனில் சார்ஜ் இல்லை என்று பவர் பேங்கில் சொருகிப் பைக்குள்ளேயே போட்டிருந்தேன். பஸ் ஏழரைக்கு வந்தது. ஐந்து நிமிடம் தாமதம். கல்யாணத்துக்குப் போகும் கூட்டம் படிக்கட்டு வரை பிதுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஜன்னலில் ஜவுளிக்கடை அக்கா. அவர் பக்கத்தில் இருந்தவர் இறங்க எழுந்தார். "அக்கா, போடுங்கக்கா!" என்று கத்திப் பையை உள்ளே தள்ளினேன். அக்கா வாங்கிப் பக்கத்தில் வைத்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு வாசலுக்கு ஓடினேன். ஒரு கால் படியில் வைத்தாயிற்று. பின்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். போனால் போகிறது, அவள் ஏறட்டும் என்று காலை எடுத்தேன். வாழ்க்கையில் நான் காட்டிய நல்ல குணங்கள் கொஞ்சம், அதில் ஒன்றை அன்றைக்குப் பார்த்துக் காட்டினேன். அவளுக்குப் பின்னால் சீர்வரிசைத் தட்டுகளோடு நாலு பேர் ஏறினார்கள். விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது. பக்கவாட்டில் அடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினேன். உள்ளே யாரோ சிரித்தது கேட்டது. அவ்வளவுதான், பஸ் போய்விட்டது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கண்டக்டரைத் திட்டினேன், சீர்வரிசையைத் திட்டினேன், சுடிதாருக்கு ஒரு பாக்கெட் வைக்கத் தெரியாத தையல்காரரைத் திட்டினேன். பாக்கெட் இருந்திருந்தால் ஒரு மிட்டாயாவது மிஞ்சியிருக்கும். கையை விரித்துப் பார்த்தேன். கைக்குட்டை இருந்தது. ஜன்னலில் போட வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு, கையில் வைத்திருக்க வேண்டியதை ஜன்னலில் போட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தில் ஏழு முப்பத்திமூன்று. ஊசி போட்டு இருபத்துமூன்று நிமிடம். அப்போதுதான் பயம் வந்தது. 

டைம் கீப்பர் அறைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் நகரப் பத்து நிமிடம் ஆனது. கண்ணாடி போட்ட மனிதர், நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டார்.

"எந்த வண்டிம்மா?"

சொன்னேன்.

"பையில என்னென்ன இருக்கு?"

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "டிபன் டப்பா சார். போன், பவர் பேங்க், பர்ஸ், குடை."

"வேற?"

அவருக்குப் பின்னால் இரண்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு அந்தப் பஸ் ஸ்டாண்டிலேயே கடை. அறை வாசலிலிருந்து பார்த்தால் அதன் ஷட்டர் தெரியும். பாதி தூக்கியிருந்தது.

"வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"அப்பப் பயப்படாதீங்க. கண்டக்டருக்குச் சொல்லிவிடுறேன். வண்டி திரும்பி வாரப்ப வாங்கிக்கங்க. டிபன் டப்பாவ யாரு தூக்கப் போறா?"

அவர் சொன்னது நியாயம்தான். டிபன் டப்பாவுக்காக யாரும் பஸ்ஸை நிறுத்த மாட்டார்கள். நான் அந்த மனிதரை முறைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் மேல் எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சர்க்கரை இறங்கும்போது எனக்கு முதலில் வருவது கோபம். என் சுபாவமே கோபம் என்பதால் ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். அடுத்தது வியர்வை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். நனைந்திருந்தது. தை மாதக் காற்றில் எல்லோரும் காதை மூடிக்கொண்டு நின்றார்கள். என் முதுகில் வேர்வை வழிந்தது.

வீட்டுக்கு நடந்து போனால் பத்து நிமிடம். எழுந்து நாலு அடி வைத்தேன். முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வழியில், ஆள் இல்லாத இடத்தில் விழுந்தால் என்னாகும் என்று தோன்றியதும் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணிடம் போன் வாங்கினேன். அம்மா நம்பர் எனக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். எட்டு எண்களை அழுத்தினேன். கடைசி இரண்டு வரவில்லை. கண்ணை மூடி, முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். எட்டோடு நின்றது. அந்தப் பெண், "அக்கா, என் பஸ் வந்துருச்சு" என்று போனைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். என் தலைக்குள்ளிருந்து ஒரு சாமான் காணாமல் போய்விட்டது என்பது, பை போனதைவிடப் பெரிய பயமாக இருந்தது. உதடு மரத்துக்கொண்டு வந்தது. மயங்கி விழுந்தால் என்னை என்னவென்று நினைத்து எங்கே தூக்கிக்கொண்டு போவார்கள்? கையில் ஒரு சீட்டு கிடையாது, பெயர் கிடையாது. வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். நான் செத்தே போவேன் என்று நினைத்தேன். நினைத்ததோடு இல்லாமல் நம்பவும் செய்தேன்.

டீக்கடை எதிரில்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"அண்ணே, டீ. சீனி போட்டு. நிறைய." குரல் எனக்கே கேட்கவில்லை.

டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். இரண்டு வருடமாக அவரிடம் நான் சீனி இல்லாத டீதான் குடிப்பேன். உடம்பு குறைக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். கூட்டத்தில் அவருக்கு என் ஆர்டரைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்காமலே தெரிந்து வைத்திருக்கிற நல்ல மனிதர். கிளாஸை நீட்டினார். கை நடுக்கத்தில் பாதி சிந்தியது. மீதியை நாக்கு வேக ஒரே மூச்சில் குடித்தேன்.

சீனி இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை.

அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றது எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைக்கு மேலே தொங்கிய பிஸ்கட் பாக்கெட்டுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பிறகு ஒரு சத்தம் கேட்டது. நான்தான் கத்தியிருக்கிறேன்.

"எனக்கு சுகர் இருக்குண்ணே! ஊசி போட்டிருக்கேன்! சீனி குடுங்க, சீனி!"

கடையே திரும்பிப் பார்த்தது. நாலு வருடம் பொத்திப் பொத்தி வைத்ததைப் பஸ் ஸ்டாண்டு நடுவில் கொட்டிவிட்டேன். டீ மாஸ்டர் பதறிப்போய்ச் சீனி டப்பாவை எடுத்தார். அதற்குள் வெள்ளைச் சட்டைப் பெரியவர் ஒருவர் குறுக்கே கையை நீட்டினார்.

"யோவ், கொன்னுறாதய்யா! சுகர்ங்குது, சீனியக் குடுக்குறியே? எனக்குப் பதினஞ்சு வருஷமா சுகர். சீனியக் கண்ணுலயே காட்டக் கூடாது!"

"அதானே" என்றது ஒரு பெண் குரல். "தண்ணி குடுங்க, தண்ணி."

டீ மாஸ்டர் டப்பாவைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "ஒக்காரு தாயி, ஒண்ணும் ஆகாது" என்றார். அவ்வளவு அன்பான பிடி. சொல்லாமல் இருந்தால் சாவேன் என்றுதான் சொன்னேன். சொன்னதாலேயே சாகப் போகிறேன் என்று தோன்றியது. மருந்து கூடினால் சர்க்கரை இறங்கும், அப்போது சீனிதான் மருந்து என்று சொல்ல வேண்டும். எல்லாம் தெரியும், வார்த்தைதான் வரவில்லை. நாக்கு வாய்க்குள் துணி மாதிரி கிடந்தது.

நான் பெரியவரின் கையைக் கடித்தேன்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கடித்தேன். அவர் "ஆத்தாடி" என்று கையை எடுத்தார். நான் பாய்லருக்குப் பக்கத்தில் சாய்ந்து டப்பாவைப் பிடுங்கி, ஒரு கை சீனியை அள்ளி வாயில் போட்டேன். இன்னொரு கை. மூக்கில் போனது, சுடிதாரில் கொட்டியது. தரையில் உட்கார்ந்து மென்றேன். ஷட்டர் தூக்கிய கடை வாசலில் ஒரு ஆள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

சீனி ரத்தத்தில் ஏறப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடம்தான் இன்றைக்கும் என் கனவில் வருகிறது. சுற்றிலும் கால்கள், செருப்புகள், யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் செய்கிறார்கள், யாரோ எனக்குப் பைத்தியம் என்கிறார்கள். தின்ற சீனி வேலை செய்யுமா, நேரம் தாண்டிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. என் பெயரை எனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அது மறந்தால் முடிந்தது என்று கணக்கு. பிறகு மெதுவாக, பிஸ்கட் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அம்மா நம்பரின் கடைசி இரண்டு எண்களும் வந்து நின்றன. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தன என்று அவற்றின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. உயிர் வந்துவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

எட்டே காலுக்கு எதிர்ப் பக்கத்துப் பஸ் ஒன்று வந்து நின்றது. ஜவுளிக்கடை அக்கா என் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்து இறங்கினார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், அதில் கலக்கிய குளுக்கோஸ். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"குடி. பேசாத, குடி மொதல்ல."

குடித்தேன். பூப்போட்ட பையின் ஜிப் திறந்திருந்தது. அவர் டிபன் டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தார்.

"அக்கா, எப்படி..."

"ஒங்கம்மாதான் போன் போட்டாங்க, ஏழே முக்காலுக்கு. பைக்குள்ள அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுத்தேன். பை மட்டுந்தான் இருக்கு, புள்ள ஏறலன்னேன். அவ்வளவுதான். எம் மகளுக்கு சுகரு, ஊசி போட்டுட்டு வந்திருக்கா, இன்னும் சாப்புடல, வண்டிய நிறுத்தும்மா, ஒங்கால்ல விழுறேன்னு அவங்க கத்துன கத்துல டிரைவருக்கே கேட்டுருச்சு. மாத்தூருக்கு இந்தப் பக்கம் நடுரோட்டுல நிறுத்திட்டாரு. பஸ்ல அத்தன பேரும் ஒனக்கு என்னாச்சோன்னு அங்க ஒரே பேச்சு."

ஏழே முக்கால். டைம் கீப்பருக்கு நான் "வேற ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லி முடித்த சமயம். அதே நேரத்தில் அம்மா முகம் தெரியாத ஒருத்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

போனை எடுத்தேன். பவர் பேங்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்து முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தது. அம்மாவிடமிருந்து பதினேழு அழைப்புகள். பதினெட்டாவது என் கையிலேயே அடித்தது. தெருத்தெருவாக என்னைத் தேடி அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்பது மூச்சிலிருந்தே தெரிந்தது.

"சாப்ட்டியா?" என்றாள்.

தினமும் கேட்கிற அதே கேள்வி.  "சாப்ட்டேம்மா" என்றேன்.

 ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவளைப் போன்ற குரலில் சொன்னாள்.

"நான் சொல்லிட்டேன்டி."

"நானும் சொல்லிட்டேம்மா."

அந்தப் பக்கம் அம்மா தெருவிலேயே நின்று அழுவது கேட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே இட்லியைப் பிட்டு வாயில் போட்டேன்.